தரை சொன்னால் திரும்பு

மாவுக்காரருக்குக் காது கேட்க வைத்தது நகராட்சி. திரும்பவும் அவரைச் செவிடராக்கியதும் அதே நகராட்சிதான். முதல் வேலையைச் செய்தது சுகாதாரப் பிரிவு, இரண்டாவதைச் செய்தது நிதிப் பிரிவு. இரண்டும் ஒரே கட்டிடத்தில் மேல்மாடியும் கீழ்மாடியுமாக இருந்தன. ஒன்று செய்வதை மற்றது கண்டுகொள்வதில்லை, அதுதான் அங்கே மரியாதை.

ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர் என்பதால் அவர் மாவுக்காரர். அந்தக் கடையில் ரொட்டி, பன், ரஸ்க் செய்கிற எட்டுப் பேருக்கும் காது கேட்காது. கடையின் பெருமையும் அதுதான், பிழைப்பும் அதுதான். சமூக நோக்கத்தோடு தொழில் நடத்துகிறவர்களுக்கென்று நகராட்சி ஒரு நிதி வைத்திருந்தது. கடை வாடகை, மெஷின் தவணை, பாதிச் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. நிபந்தனை ஒன்றே ஒன்று. காது கேளாதவர்கள் எட்டுப் பேராவது வேலையில் இருக்க வேண்டும். ஏழு பேர் என்றால் சல்லிக்காசு கிடையாது. ஏழு பேர் படுகிற கஷ்டம் கஷ்டமே இல்லை என்று யாரோ ஒரு மகானுபாவர் ஏசி அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார்.

கடையை நடத்திய முதலாளியம்மாவுக்கு ஊரில் நல்ல பெயர். மேடை கிடைத்தால் "என் பிள்ளைங்க" என்று தழுதழுப்பார். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவரைவிட வயது அதிகம். கடைக்குள்ளே வந்துவிட்டால் அதே பிள்ளைகள் "செவிட்டுக் கூட்டம்" ஆகிவிடுவார்கள். அவர்கள் காதில் விழாது என்ற தைரியம்தான். கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. சம்பளத்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப் போட்டதில்லை.

மாவுக்காரர் பிறவிச் செவிடர் அல்ல. இருபது வயதுக்கு மேல் காதுக்குள் இருக்கிற சின்ன எலும்பு இறுகிப்போய், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஒருநாள் மொத்தமாக நின்றுவிட்டது. பிறகுதான் கல்யாணம். மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே கேட்காது, அதே கடையில் ரஸ்க் பாக்கெட் போடுகிறாள். ஒரே மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் பேசவும் வரும். வீட்டில் கேட்க ஆளில்லாததால் சுவரோடும் சோப்பு டப்பாவோடும் பேசிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்த பெயர் வாயாடி.

சுகாதாரப் பிரிவு நடத்திய இலவச முகாமில் மாவுக்காரருக்கு ஆபரேஷன் செய்தார்கள். கட்டைப் பிரித்த அன்று அவர் முதலில் கேட்டது மகளின் குரலைத்தான்.

"அப்பா, உன் காதுல பஞ்சு தொங்குது."

மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். தன் மகள் குரல் கொஞ்சம் கரகரப்பானது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் பேசப் பேச, அவர் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுக் கேட்டார். அவளுக்கும் கொண்டாட்டம். அதுவரை அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் காலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அதிர்வு தெரிந்து திரும்புவார். இப்போது வாய் திறந்தால் போதும். ஒன்றுமே இல்லாததற்கெல்லாம் "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டுச் சிரித்தாள்.

நல்ல செய்தி சொல்ல மாவுக்காரர் முதலாளியம்மாவிடம் ஓடினார். கேட்டதும் அந்த அம்மாவின் முகம் தீய்ந்த பன் போல ஆயிற்று.

"ரொம்ப சந்தோஷம்பா. வெளியில யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"சொல்லாத. அடுத்த மூணு வருஷத்து நிதிக்கு இந்த மாசம்தான் பார்க்க வர்றாங்க. உன்னைக் கழிச்சா ஏழு பேருதான்."

"வேற ஒருத்தரைச் சேர்த்துக்கங்கம்மா. நான் வேற இடத்துல வேலை தேடிக்கறேன்."

"புதுசா சேர்றவங்க ஆறு மாசம் வேலை பார்த்தாத்தான் எண்ணிக்கையில வருவாங்க. நீ போயிடுவ, உனக்குக் காது வந்துருச்சு. உன் பொண்டாட்டியை எவன் வேலைக்கு வெச்சுப்பான்? மத்த ஆறு பேரை? நீயே போய் அவங்ககிட்ட சொல்லு. கையாலயே சொல்லிடு, உனக்குத்தான் தெரியுமே."

விலகப் போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அந்த ஆறு பேரில் ஒருத்தர்தான் அவருக்குக் கைமொழி கற்றுக்கொடுத்தவர், இன்னொருத்தர் அவர் கல்யாணத்துக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தவர். செவிடராகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தார். இத்தனை வருஷம் இருந்ததுதானே, பெரிய வித்தையா என்று நினைத்தார்.

பெரிய வித்தைதான். ஒருநாள் தெருவில் பின்னாலிருந்து ஒரு வண்டி ஹார்ன் அடிக்க, மாவுக்காரர் சட்டென்று ஒதுங்கினார். எதிர்க் கடை ரொட்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். நகராட்சிப் பணத்தில் இவர்கள் விலை குறைத்து விற்கிறார்கள் என்று அவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். அவர் நேராகப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார் என்று முதலாளியம்மாவுக்குச் சேதி வந்தது.

கடையிலிருந்த மற்ற ஏழு பேருக்கும் விஷயத்தைச் சொல்லி, அன்றிலிருந்து பயிற்சி ஆரம்பித்தது. மாவுக்காரர் மேஜையில் குனிந்து பிசைந்துகொண்டிருக்கும்போது, முதலாளியம்மா பின்னால் வந்து இரும்புத் தட்டைப் பலகைத் தரையில் போட்டார். மாவுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக நின்றார். தலையை நிமிர்த்திப் பார்த்தால், மற்ற ஏழு பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் கழித்து ஏழு பேரும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவள்தான் அவருக்குக் கையால் விளக்கினாள். தட்டு விழுந்தால் நமக்குக் காலில் தெரியும், திரும்பாதவன்தான் திருடன். அதற்குள் மறந்துவிட்டாயா? தரை சொன்னால் திரும்பு. வாய் சொன்னால் திரும்பாதே.

முதலாளியம்மாவுக்கு இது பிரமாதமாகப் பிடித்துவிட்டது. அன்று முழுக்க எதை எதையோ கீழே போட்டுப் பார்த்தார். தரை சொல்கிற பாடத்தை மாவுக்காரர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். வாய் சொல்கிற பாடம்தான் வரவில்லை. யாராவது கூப்பிட்டால் கழுத்து தன்னால் திரும்பியது.

அந்தப் பாடத்தை வீட்டில் வாயாடி எடுத்தாள். அவளுக்கு அது விளையாட்டு. அப்பா சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பின்னாலிருந்து அவள் என்ன சொன்னாலும் திரும்பக் கூடாது. திரும்பினால் தோற்றார், அவளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வர வேண்டும். முதல் வாரம் முழுக்க மாவுக்காரர் மகளை முதுகில் சுமந்தபடியே இருந்தார். "அப்பா தேள்!" என்பாள், திரும்புவார். "அப்பா நான் விழுந்துட்டேன்!" என்பாள், பாய்ந்து எழுவார். ஒருநாள் "ரத்தம்பா, ரத்தம்!" என்று அவள் போட்ட கூச்சலில் அவருக்கு உயிரே போய்விட்டது. திரும்பினால் விரலில் ஜாம்.

"தோத்துட்ட! தோத்துட்ட!" என்று குதித்தாள்.

அதற்குப் பிறகு அவர் தோற்கவில்லை. என்ன கத்தினாலும் இது விளையாட்டு, இது விளையாட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்தார். விம்மி விம்மி நிஜமாகவே கண்ணீர் வர அழுது பார்த்தாள், அசையவில்லை. கடைசியில் அவளுக்கே அலுத்துவிட்டது.

"இப்பல்லாம் நீ தோக்கவே மாட்டேங்கறப்பா. போர் அடிக்குது."

உப்புமூட்டை போய்விட்ட வருத்தம் அவளுக்கு. மாவுக்காரருக்கு மனசுக்குள் பெருமை. பிழைக்கத் தெரிந்துகொண்டோம் என்ற பெருமை.

ஆபீசர் வருகிற அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. வாயாடி வழக்கம்போலக் கடைக்கு வந்து, மிஞ்சின மாவைக் கிள்ளி எடுத்து பொம்மை செய்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் முதலாளியம்மாவுக்கு யோசனை வந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கிற ஜாதி அவர்.

"பெத்த மக கூப்பிட்டே திரும்பலைன்னா, அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?" என்றார். மனைவிக்குத் தெரிந்தால் விடமாட்டாள் என்பதால், கையால் ஜாடை காட்டாமல் மாவுக்காரரிடம் மட்டும் காதோடு சொன்னார்.

"குழந்தை வேண்டாம்மா," என்றார் அவர்.

"உன் குழந்தை சோறு திங்கறது இதுலதான். வீட்டுல பண்றதைத்தானே இங்க பண்ணப் போறா?"

வாயாடியைக் கேட்டார்கள். அவளுக்கு இதைவிட என்ன வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் விளையாட்டு.

கடையின் நடுவில் புதிய மெஷின் இருந்தது. இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவை விட்டால் தகடாக்கித் தள்ளும். நிதியில் வாங்கினது. அதன் நெற்றியில் "நகராட்சியின் உதவியுடன்" என்று பொறித்த பித்தளைத் தகடு. கை போகாமலிருக்க உருளைக்கு முன்னால் போட்டிருந்த கம்பி வலை அந்தத் தகட்டைப் பாதி மறைத்தது. ஆபீசர் கண்ணில் படட்டும், போட்டோவில் விழட்டும் என்று முதலாளியம்மா வலையைக் காலையிலேயே கழற்றிப் படிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருந்தார்.

ஆபீசர் வந்தார். குண்டான மனிதர், அடுப்புச் சூட்டில் வந்ததும் வேர்த்துக் கொட்டியது. கேமராவோடு உதவியாளர் ஒருவர். ஆபீசர் ஒரு பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார், குளிர்ந்த தண்ணீர் கேட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டுப் பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புகிற மாதிரிதான் நின்றார். முதலாளியம்மா விடவில்லை.

"இருங்க சார். புகார்னு வந்துட்டா முழுசா பார்த்துட்டுத்தான் போகணும். என் பிள்ளைங்க மேல ஒரு சொல்லு விழக்கூடாது."

மெஷினை ஓட விட்டார். மெஷின்காரரையும் சேர்த்து எட்டுப் பேரையும் சுவர் ஓரமாக நீளமாகக் கிடந்த மேஜைக்கு அனுப்பி, சுவரைப் பார்த்து நின்று மாவு உருட்டச் சொன்னார். தட்டைக் கீழே போட்டார். எட்டுப் பேரும் திரும்பினார்கள். காலுக்குத் தெரியும் சார் என்று விளக்கினார், ஆபீசர் "அப்படியா" என்றார். எட்டுப் பேரும் மறுபடி சுவரைப் பார்த்தார்கள். பிறகு வாயாடியை மெஷின் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியட்டும் என்று, இரண்டு மாவு மூட்டைகளுக்கு மேலே ஏற்றி நிறுத்தினார். ஆபீசரை இழுத்துக்கொண்டு போய் மாவுக்காரரின் பக்கவாட்டில் நிறுத்தினார்.

"முகத்தைப் பாருங்க சார். முகத்தை மட்டும் பாருங்க. கூப்பிடும்மா!"

"அப்பா!" என்றாள் வாயாடி.

முகம் அசையவில்லை.

"அப்பா, இங்க பாரு! உன் பின்னாடி யாரு பாரு!"

அசையவில்லை. உதவியாளர் பக்கத்திலிருந்து மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி, கேமராவை மாவுக்காரர் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். ஆபீசரும் இப்போது கொஞ்சம் ருசியோடு பார்த்தார். வாயாடிக்கு அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. யோசித்தாள். யோசிக்கும்போது அவள் கை சும்மா இருக்காது. வலை இல்லாத உருளை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த மாவுத் துணுக்கைக் கிள்ளப் போனாள்.

அவள் போட்ட அலறலில் உதவியாளர் திடுக்கிட்டார். ஆபீசர் திரும்ப முயன்றார். முதலாளியம்மா அவர் கையைப் பிடித்தார். "முகத்தைப் பாருங்க சார்! இவ நல்லா நடிப்பா, முகத்தைப் பாருங்க!"

"அப்பா! கை! அப்பா, நிஜமா! நிஜமாப்பா!"

மாவுக்காரருக்குக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நிஜமா என்ற சொல்லையும் அவள் விளையாட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கண்ணுக்கு முன்னால் கேமரா இருந்தது, பக்கத்தில் மனைவி உருட்டிக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் ஆறு பேர். இது விளையாட்டு, இது விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு மாவை அழுத்தினார். அந்தக் குரல் கேட்டதன் சாயல்கூட அவர் முகத்தில் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தார்.

வாய் பிரயோஜனப்படவில்லை என்றதும் குழந்தைக்குப் பழைய வழி ஞாபகம் வந்தது. காலால் தட்டினாள். ஓங்கி ஓங்கித் தட்டினாள். மாவு மூட்டையின் மேல் நின்றுகொண்டு தட்டினால் தரைக்கு எங்கே தெரியும்? அத்தனை தட்டையும் மூட்டை வாங்கிக்கொண்டது.

கடைசியில் சொன்னது தரைதான். உருளைக்குள் போகக் கூடாதது போனதால் மெஷின் திணறி உதறியது. அந்த உதறல் பலகை வழியாக வந்து பதினாறு கால்களிலும் ஏறியது. எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டிராத தாயும், ஆரம்பத்திலிருந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த தகப்பனும் ஒரே நேரத்தில்தான் திரும்பினார்கள். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தது தாய்தான்.

வாயாடியின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அவளும் அம்மாவும் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் கையால்தான். ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்த மகளின் கட்டுப் போட்ட கையைத் தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் வலது கையில் மூன்று விரல்களை மடக்கிக்கொண்டு, மிச்சமிருந்த இரண்டால் ஏதோ சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தாள். மாவுக்காரரால் அதைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். செத்துப்போகலாம் போல இருந்தது அவருக்கு.

மறுநாள் ஆபீசரும் முதலாளியம்மாவும் பழக்கூடையோடு வந்தார்கள். முதலாளியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். அழுகை நிஜம்தான். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சார், நிதி விஷயம்?"

"அதெல்லாம் நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு. மூணு வருஷம்," என்றார் ஆபீசர். மாவுக்காரர் ஓரடி தள்ளி நிற்கிறார் என்று அவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "நான் அப்பவே போட்டிருப்பேன். நீங்கதான் விடல."

"இவருக்குக் கேக்குதுன்னு புகார் இருந்துச்சே சார்."

"கேக்கும்னு எனக்குத் தெரியாதாம்மா? ஆபரேஷன் பண்ணினது எங்க மாடிக்கு மேல இருக்கற ஆளுங்கதானே. பேரு பார்த்தப்பவே தெரியும்."

முதலாளியம்மா வாயைப் பிளந்தார். "தெரிஞ்சுமா சார்?"

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். ஒருத்தர் காதை வெச்சு நாங்க என்ன பண்ணப் போறோம்? எட்டுன்னு எழுதினா மேலிடத்துக்கும் எட்டுதான். நேர்ல போனேன்னு எழுதறதுக்கு ஒரு சுத்து வந்தேன், அவ்வளவுதான். நீங்க குழந்தையை மூட்டை மேல ஏத்தினப்பவே, இதெல்லாம் எதுக்குன்னு கேக்கலாம்னு நினைச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "கேட்டிருக்கலாம்."

மாவுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே யாரோ ஒருவர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். அதுவும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா."

கட்டிலிலிருந்து வந்தது. மருந்து தெளியாத குழறல், பாதிக் குரல்கூட இல்லை. ஆபீசர் இருக்கிறார், முதலாளியம்மா இருக்கிறார் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. திரும்பி ஓடிவந்து கட்டிலண்டை மண்டியிட்டார்.

"கேக்குதுடா கண்ணு. அப்பாவுக்குக் கேக்குது. சொல்லுடா."

வாயாடி கண்ணைப் பாதி திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நிற்கிற இரண்டு பேரையும் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, அவங்க நிக்கறாங்களேப்பா," என்றாள் மெதுவாக, ரகசியம் போல. "கடையில நான் அவ்வளவு கத்தினேன், நீ தோக்கவே இல்ல. இப்பப் போய்த் தோத்துட்டியே."